மேசைமேல் ஒரு போர்க்களம்

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று முதல் திருப்பலி முடிந்து நாம் ஆலய வாசலில் நின்றிருந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் கூட்டம் கலையும்வரை காத்திருந்து நம்மிடம் வந்தார். முகத்தில் கவலை படர்ந்திருந்தது. "சாமி, நீங்கதான் எம் பையனுக்கு ஒரு வார்த்தை சொல்லோணும்" என்றார். மகன் குடிக்கத் தொடங்கிவிட்டானோ, கடன் வாங்கிவிட்டானோ என்று நாம் அஞ்சினோம். அவர் சொன்னதோ வேறு. "இருபத்தாறு வயசாச்சுங்க. பொண்ணு பார்க்கலாம்னு இருக்கறோம். அவன் என்னடான்னா ராத்திரியெல்லாம் உக்காந்து பொம்மைச் சிப்பாய்க்குப் பெயிண்ட் அடிச்சிட்டு இருக்கறானுங்க சாமி. அதுவும் சண்டை விளையாட்டு. இது பாவமில்லீங்களா?"

வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, அடுத்த சனிக்கிழமை மாலை வீட்டிற்கு வருவதாக வாக்களித்தோம். அறிவுரை கூறும் எண்ணத்துடனேயே சென்றோம். மாலை நான்கு மணிக்கு அவ்வீட்டினுள் நுழைந்த நாம் இரவு எட்டரை மணிக்குத்தான் வெளியே வந்தோம். இடையில் ஒரு படையை நடத்தி, ஒரு கோட்டையை முற்றுகையிட்டு, படுதோல்வியும் அடைந்திருந்தோம். கூற வந்த அறிவுரை மறந்தே போயிற்று. அன்று நாம் கற்றுக்கொண்டதை வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

நகரின் கிழக்கே, மூடிக் கிடக்கும் பஞ்சாலை ஒன்றின் பின்புறம் அமைந்த சிறிய வீடு அது. அந்த இளைஞர் பம்புசெட் தொழிற்சாலை ஒன்றில், வார்ப்புக்குரிய அச்சுகளைக் கணினியில் வரையும் பணியில் இருக்கிறார். பகலில் இரும்புக்கு வடிவம் வரைபவர், இரவில் சிப்பாய்களுக்கு வடிவம் வரைகிறார். ரெசின் என்னும் திரவப் பிசினை ஒளியால் இறுகச் செய்து, மயிரிழை கனமுள்ள அடுக்குகளாக உருவத்தை எழுப்பும் சிறு இயந்திரம் ஒன்று அவரிடம் இருக்கிறது. அதிலிருந்து வெளிவரும் சிப்பாய் கால் முதல் கண் வரை 28 மில்லிமீட்டர் உயரம். அவனுக்கு முதலில் சாம்பல்நிறப் பூச்சு ஒன்று. பிறகு சட்டை, தலைப்பாகை, துப்பாக்கி, இடைவார் என ஒவ்வொன்றாக, ஊசிமுனை போன்ற தூரிகையால் வண்ணம். ஒருவனை முடிக்க இரண்டு மணி நேரம் ஆகுமாம். தாயின் மனக்குறைக்குக் காரணம் நமக்கு விளங்கியது. அதே வேளையில், இத்துணைப் பொறுமை படைத்த பிள்ளையைக் குறித்து எதற்காக வருந்துவது என்றும் தோன்றியது.

கூடத்து மேசையின்மேல் ஆறடி நீளமும் நான்கடி அகலமும் கொண்ட பலகையொன்று கிடந்தது. பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூளால் புல்வெளி. தேங்காய் நாரால் மரங்கள். தெர்மோகோல் துண்டுகளைச் செதுக்கி எழுப்பிய கோட்டைச் சுவர். தெற்கோரத்தில் நீலக் கோடாக நொய்யல் ஆறு. "இது என்ன இடம்?" என்று வினவினோம். "நம்ம கோயமுத்தூருங்க சாமி. 1791" என்றார் இளைஞர்.

மூன்றாம் மைசூர்ப் போரின்போது கோவைக் கோட்டை ஆங்கிலக் கம்பெனிப் படையின் கையில் இருந்தது. சால்மர்ஸ் என்னும் இளநிலை அதிகாரி அதைக் காத்து நின்றார். திருவிதாங்கூர் வீரர்களும் அவருடன் இருந்தனர். திப்பு சுல்தானின் படை அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் நடத்திய தாக்குதல் முறியடிக்கப்பட்டது. நவம்பரில் மீண்டும் வந்த படையிடம் கோட்டை பணிந்தது. இன்று அக்கோட்டை இல்லை. கோட்டைமேடு என்ற பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது. அத்தெரு வழியாக எத்தனையோ முறை சென்றுள்ள நாம், அப்பெயருக்குப் பின்னே இவ்வளவு குருதி இருப்பதை ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

போரைப் பலகையின்மேல் நடத்திப் பார்க்கும் ஆசை நம் நாட்டிற்குப் புதிதன்று. சதுரங்கம் என்ற சொல்லே யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையைக் குறிப்பது. இங்கிருந்து பாரசீகம் சென்று உலகெங்கும் பரவிய ஆட்டம் அது. பழைய மண்டபங்களின் கல்தரையில் கீறப்பட்டிருக்கும் ஆடுபுலிக் கட்டத்தைக் காணாதவர் யார்? 3 புலிகளுக்கு எதிராக 15 ஆடுகள். ஒரு பக்கம் வலிமை, மறு பக்கம் எண்ணிக்கை. மேனாட்டில் 1812ஆம் ஆண்டு ரைஸ்விட்ஸ் என்னும் பிரபு பிரஷ்ய மன்னருக்கு ஒரு போர் ஆட்டத்தைச் செய்து காட்டினார். பீரங்கிப் படை அதிகாரியான அவருடைய மகன் 1824இல் அதைத் திருத்தி அமைத்தார். பிரஷ்ய அதிகாரிகள் நிலப்படத்தையும் பகடையையும் வைத்துக்கொண்டு அதில் பயிற்சி பெற்றனர். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் ஈய பொம்மைகளையும் மரக்குச்சி எறியும் சிறு பீரங்கிகளையும் கொண்டு வீட்டுத் தரையில் விளையாடும் முறையை வகுத்து, 1913இல் நூலாக வெளியிட்டார். 1983இல் இங்கிலாந்திலிருந்து 'வார்ஹேமர்' என்னும் ஆட்டம் வெளிவந்தபின், இப்பொழுதுபோக்கு பல நாட்டு இளைஞரையும் பற்றிக்கொண்டது. நம் இளைஞரும் அவ்வழியே உள்ளே நுழைந்தவர்தாம். கற்பனை உலகத்துப் போர்கள் சலித்துப்போக, சொந்த ஊரின் போரைத் தேடி எடுத்திருக்கிறார்.

"ஒரு ஆட்டம் போடறீங்களா சாமி?" என்று அவர் கேட்டபோது, மறுப்பதற்கு நமக்கு மனம் வரவில்லை. கோட்டையைத் தாக்கும் படை நமக்கு. காக்கும் படை அவருக்கு. பக்கத்துக்கு 40 பொம்மைகள். "ஒரு பொம்மைக்கு இருபது பேர்னு கணக்குங்க சாமி" என்று அவர் சொன்னது அப்போது நம் காதில் விழுந்ததே தவிர, கருத்தில் பதியவில்லை.

சதுரங்கம் ஆடிப் பழகிய நமக்கு முதலில் திகைப்பாக இருந்தது. கட்டங்களே இல்லை. தையற்காரரிடம் இருப்பதுபோன்ற அளவு நாடாவை விரித்துத்தான் நகர்த்த வேண்டும். காலாள் 6 அங்குலம், குதிரை 12 அங்குலம். துப்பாக்கிக் குண்டு 18 அங்குலம் செல்லும். சுடுகின்ற ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு பகடை உருட்ட வேண்டும். 4, 5, 6 விழுந்தால் எதிரி விழுவான். அவன் சுவருக்குப் பின்னால் நின்றால் 6 விழுந்தால்தான் விழுவான். ஓர் அணியில் பாதிப்பேர் விழுந்துவிட்டால் மீதிப்பேர் நிற்பார்களா, ஓடுவார்களா என்பதற்கும் பகடையே விடை சொல்லும். விதி என்ற நம் சொல் ஒழுங்கையும் குறிக்கும், ஊழையும் குறிக்கும். இரண்டு விதிகளும் ஒரே மேசையில் அமர்ந்திருப்பதை அன்று கண்டோம்.

குதிரைப்படைதான் வேகமானது என்ற எண்ணத்தில், அதை முதலிலேயே சுவரை நோக்கிச் செலுத்தினோம். இளைஞர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சாமி, குதிரை ஏணி ஏறாதுங்க." சுவரடியில் செய்வதறியாது நின்ற நம் குதிரைவீரர்கள் அடுத்த முறையிலேயே ஐவராகக் குறைந்தனர். ஏணி ஏந்திய காலாட்களோ இன்னும் இரண்டடி தொலைவில் நொய்யற்கரையில் நின்றிருந்தனர். படிப்பறிவு படைத்தலைமைக்கு உதவாது என்பது நமக்கு விரைவிலேயே விளங்கிவிட்டது.

இனி நம் தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏணிப்படை ஒருவழியாகச் சுவரை எட்டிய வேளை. மேலே ஏற 5 அல்லது 6 வேண்டும். நாம் உருட்டிய பகடை கோட்டைச் சுவரில் மோதி, அதன்மேல் சாய்ந்து நின்றது. ஒரு பக்கமிருந்து பார்த்தால் 5. மறுபக்கமிருந்து பார்த்தால் 3. "ஐந்து" என்று நம் வாய் முந்திக்கொண்டது. "சாமி சொன்னாச் சரிதானுங்க" என்று இளைஞர் சுவர்க் காவலன் ஒருவனை எடுத்து வைத்தார். சாய்ந்த பகடையை மீண்டும் உருட்ட வேண்டும் என்பதே விதி என்று ஆட்டத்தின் தொடக்கத்திலேயே அவர் நமக்குச் சொல்லியிருந்தார். நாம் அணிந்திருந்த அங்கிக்காக அவர் வாய் திறக்கவில்லை. இரண்டு நிமிடம் பொறுத்தோம், மனம் பொறுக்கவில்லை. "தம்பி, அதைத் திரும்ப உருட்டுவோம்" என்றோம். விழுந்தது 2. அவர் எடுத்த காவலன் மீண்டும் சுவரேறி நின்றான்.

இச்சிறு செய்தியைப் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1942ஆம் ஆண்டு மே மாதம், மிட்வே தீவைத் தாக்குவதற்கு முன் ஜப்பானியக் கடற்படைத் தலைவர்கள் யமாட்டோ என்னும் போர்க்கப்பலில் அமர்ந்து இதேபோன்ற ஆட்டத்தில் தங்கள் திட்டத்தைச் சோதித்தனர். எதிரி விமானங்களின் தாக்குதலுக்குப் பகடை உருட்டப்பட்டது. தங்கள் விமானந்தாங்கிக் கப்பல்கள்மேல் 9 குண்டுகள் விழுந்ததாக நடுவர் கணக்கிட்டார். தளபதி உகாக்கி குறுக்கிட்டு அதை 3 ஆகக் குறைத்தார். அதன்படியும் மூழ்கிய 'காகா' என்னும் கப்பல் ஆட்டத்தின் அடுத்த கட்டத்தில் மீண்டும் மிதந்தது. அடுத்த மாதம் மெய்யான போரில் அக்கப்பலோடு சேர்த்து நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள் கடலுக்குள் போயின. அவற்றை மிதக்கவைக்க எந்தத் தளபதியாலும் இயலவில்லை. மேசையின்மேல் நாம் பொய்யாக எழுப்புகிறவர்கள் களத்தில் எழுவதில்லை.

ஆட்டம் பாதியைக் கடந்தபோது அறை மூலையிலிருந்து ஒரு குரல் கேட்டது. அத்தாயின் தந்தை, இளைஞருக்கு அப்புச்சி, அதுவரை சாய்வு நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தார். வெல்லிங்டனில் பயிற்சி பெற்று, மதராஸ் ரெஜிமெண்டில் பணியாற்றி, 1971ஆம் ஆண்டுப் போரில் மேற்கு எல்லையில் நின்றவர். ஓய்வு பெற்றபின் அருகிலிருந்த பஞ்சாலையில் காவலாளியாக இருந்தார். ஐந்தாண்டுகளாக மாதந்தோறும் நாம் அவருக்கு நற்கருணை கொண்டு செல்கிறோம். போரைப் பற்றி ஒரு சொல்லும் அவர் பேசியதில்லை.

"செத்தவனையெல்லாம் எங்க கண்ணு வெக்கற?" என்று பேரனிடம் கேட்டார்.

"டப்பாவுலங்க அப்புச்சி."

"ஏன்?"

"அங்கயே கிடந்தா மத்தவங்களை நகர்த்த முடியாதுங்களே."

"ஆமா" என்றார் பெரியவர். "அங்கயும் நகர முடியாது."

மெல்ல எழுந்து வந்தார். பழைய முறுக்கு டப்பாவைத் திறந்து, உள்ளே குவிந்து கிடந்த சிப்பாய்களை ஒவ்வொருவராக எடுத்து, விழுந்த இடத்திலேயே படுக்க வைத்தார். குதிரைவீரர்கள் சுவரடியில், ஏணிக்காரர்கள் அகழியருகில், பேரனின் காவலர்கள் சுவரின்மேல். யார் எங்கே விழுந்தார் என்பது நமக்கே நினைவில்லை. அவருக்கு இருந்தது. தொடக்கத்திலிருந்தே கவனித்து வந்திருக்கிறார்.

அதன்பின் அது வேறொரு ஆட்டமாயிற்று. அளவு நாடாவை விரித்தால் விழுந்தவர்கள்மேல் விரிந்தது. ஓர் அணியை முன்னே நகர்த்த வேண்டுமானால் கிடப்பவர்களைச் சுற்றிக்கொண்டு செல்ல வேண்டியிருந்தது. சற்று முன்வரை "இரண்டு பேர் காலி" என்று சிரித்துக்கொண்டிருந்த நாங்கள் இருவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டோம். விதிப்படி இன்னும் இரண்டு சுற்று மீதமிருந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கைகுலுக்கி முடித்துக்கொண்டோம். கோட்டை வீழவில்லை. தோற்றவர் நாம்தாம்.

பெரியவர் மேசையருகிலேயே நின்றிருந்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்: "ஒருத்தன் ராத்திரி பூரா பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டே கிடந்தான். எம் பேரைத்தான். விடிஞ்ச பொறகுதான் கிட்டப் போக முடிஞ்சுது." சற்றுப் பொறுத்து, "பல்லடத்துப் பக்கத்துப் பையன்" என்றார். காப்பித் தட்டோடு சமையலறை வாசலில் நின்ற மகள் அப்படியே நின்றுவிட்டார். தம் தந்தையின் வாயிலிருந்து இச்செய்தியை அவர் கேட்பது அதுவே முதல் முறை. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக உள்ளே கிடந்த ஒரு மனிதனை, இரண்டு விரல் உயரப் பொம்மைகள் வெளியே கொண்டுவந்துவிட்டன.

விழுந்தவர்களை மறைத்துவிடக்கூடாது என்பதை நம் கொங்கு மண் நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. பொன்னர் சங்கர் என்னும் அண்ணன்மார் கதையை உடுக்கடித்து இரவிரவாகப் பாடுவது இங்குள்ள மரபு. கனடா நாட்டு ஆய்வாளர் பிரெண்டா பெக் அம்மையார் 1960களில் காங்கேயம் பகுதியில் தங்கி அதைப் பதிவு செய்தார். 1982இல் அதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். அக்கதையின் உச்சம் படுகளம். மணப்பாறையை அடுத்த வீரப்பூரிலும் வேறு ஊர்களிலும் நம் சகோதர மக்கள் அதை நிகழ்த்தும்போது, போரில் மாண்டவர்களைப்போல் ஆண்கள் தரையில் வீழ்ந்து கிடக்கின்றனர். அண்ணன்மாரின் தங்கையின் பெயரால் அவர்கள் எழுப்பப்படுகின்றனர். வெற்றியைக் கொண்டாடும் விழாவாக அது அமையவில்லை. விழுந்தவர்களைத் தேடிவரும் தங்கையே அதன் நடுவில் நிற்கிறாள். அதற்கும் முற்பட்ட வழக்கம் நடுகல். போரில் வீழ்ந்தவனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, நட்டு, வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாகக் கூறுகிறது. புலியோடு போராடி மாண்டவனுக்குக்கூட உருவம் செதுக்கிப் புலிகுத்திக்கல் நட்ட நாடு இது. அக்கல்லில் நிற்பவனும் ஒரு சிறு உருவந்தான். ஆனால் அவன் டப்பாவுக்குள் போடப்படவில்லை.

வெல்ஸ் தம் நூலின் முடிவில், இச்சிறு போரை மூன்று நான்கு முறை ஆடிப்பார்ப்பவர்க்கு மெய்யான போர் எத்துணைப் பெரும் பிழை என்பது தானே விளங்கும் என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார். அந்நூல் வெளிவந்த மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. படித்தவர்கள் யாவரும் பாடம் கற்றுவிடவில்லை. ஆயினும் அவர் சொன்னது பொய்யன்று என்பதற்கு அன்று மாலை நாமே சாட்சி.

அத்தாய் கேட்ட கேள்விக்கு நாம் விடை சொல்லியாக வேண்டும். பாவமா? அன்று என்று துணிந்து சொல்கிறோம். கைப்பேசியில் விளையாடும் போரில் விழுந்தவன் இமைப்பொழுதில் மறைந்துபோகிறான். எதிரே ஆடுபவனின் முகமும் தெரிவதில்லை. இங்கோ எதிராளி மேசைக்கு அப்பால் மூன்று மணி நேரம் அமர்ந்திருக்கிறான். அவனோடு பேசியாக வேண்டும்; அவன் சொல்லை நம்பியாக வேண்டும்; முடிவில் கைகுலுக்க வேண்டும். ஆயினும் மூன்று அளவுகளை அந்த இளைஞரிடமும் கூறிவிட்டே வந்தோம். சம்பளத்தில் எவ்வளவு, உறக்கத்தில் எவ்வளவு என்பதற்கு ஓர் எல்லை வேண்டும். சாய்ந்த பகடையை யார் உருட்டியிருந்தாலும், அங்கி அணிந்தவரே ஆனாலும், திரும்ப உருட்டச் சொல்லும் துணிவு வேண்டும். விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடக்க வேண்டும். ஆட்டம் முடிந்தபின் அவர்களை எண்ண வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளைகள் எதில் மூழ்கியிருக்கிறார்கள் என்பதை வாசலில் நின்று பார்த்தால் அது பொம்மையாகத்தான் தெரியும். எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு ஒரு முறை அமர்ந்து பாருங்கள். தோற்றாலும் பரவாயில்லை.

அன்றிரவு நாங்கள் எண்ணினோம். நம் பக்கம் விழுந்தவர் 23. இளைஞர் பக்கம் 9. மொத்தம் 32. பொம்மைக்கு இருபது பேர் என்றால் 640 உயிர்கள். மறுநாள் முதல் திருப்பலியில் பீடத்திலிருந்து திரும்பி மக்களை நோக்கியபோது அந்த எண் நம்மை உலுக்கியது. ஆலயம் நிறைந்து வாசலிலும் நிற்கும் நம் முதல் திருப்பலிக் கூட்டம் ஏறத்தாழ அவ்வளவே. சுவரோரப் பாட்டிமார், தூணருகில் நிற்கும் இளைஞர், தோளில் உறங்கும் குழந்தை: ஒரு மாலைப் பொழுதில், இரண்டு சிறு பகடைகளால், இத்தனை பேரையும் நாம் கீழே கிடத்தியிருந்தோம்.

திருப்பலி முடிந்ததும் அத்தாய் மீண்டும் காத்திருந்தார். "சாமி, இப்ப ரெண்டு பேருக்கு வார்த்தை சொல்லோணுமுங்க" என்றார். முகத்தில் கவலையைக் காணவில்லை. "அப்பாவும் தூரிகை எடுத்துட்டாரு. காயம்பட்டவனைத் தூக்கிட்டுப் போற டோலிக்காரங்களே இந்தப் படையில இல்லையே, முதல்ல அவங்களைச் செய்யின்னு பேரன்கிட்டச் சொல்லி, ராத்திரி பத்து மணி வரைக்கும் ரெண்டு பேரும் உக்காந்திருந்தாங்க."

அடுத்த மாதம் மீண்டும் ஒரு முற்றுகைக்கு அழைப்பு வந்திருக்கிறது. இம்முறை கோட்டையைக் காக்கும் பக்கம் நமக்கு. குதிரைகளைச் சுவருக்கு உள்ளேயே வைத்துக்கொள்வதாக இருக்கிறோம்.